வராதவர்களையும் எண்ணிய ஆய்வு

  

ஒரு கண் மருத்துவரின் கட்டுரைப் பட்டியலை எதைக் கொண்டு மதிப்பிடுவது? இதில் எனக்கும் துறை நண்பர்களுக்கும் நெடுநாளாக ஒத்துப்போனதில்லை என்பது இந்த அவையில் பாதிப்பேருக்குத் தெரியும். புதிய அறுவை முறையைச் சொல்லும் கட்டுரைதான் உயர்ந்தது, ஊர் ஊராகப் போய்க் கண்களை எண்ணுவது குடிக்கணக்கு எடுப்பவர் வேலை என்பது அவர்கள் கட்சி. அது பெரும் பிழை என்பது என் கட்சி.

சென்னைக் கண் மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட்டை அவர்கள் தவறாமல் சாட்சிக்கு அழைப்பார்கள். பார்வை நரம்பை மெல்லக் கெடுக்கும் கிளாக்கோமா நோய்க்கு, கருவிழி ஓரத்தில் சிறு வட்டத் துளையிட்டு நீரை வடியவிடும் அவருடைய முறை 1909இல் அச்சேறி உலகெங்கும் பரவியது. பெரிய சாதனைதான். ஆனால் நாட்டு வைத்தியர்கள் கண்புரையை ஊசியால் தள்ளிவிடும் முறை பற்றி அவர் எழுதிய நூலையும் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த கண்களே அதற்கு ஆதாரம். பார்வை கிடைத்தவர் எழும்பூரிலுள்ள அந்த மருத்துவமனைக்கு ஏன் வரப்போகிறார்? அந்த முறை கொடியது என்பதில் எனக்கு ஐயமில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் கண் இழந்தார்கள் என்ற கணக்கைத்தான் வாசலுக்கு வந்தவர்களை மட்டும் வைத்துப் போட முடியாது என்கிறேன்.

மாறாக, சங்கர நேத்ராலயாவின் டாக்டர் லிங்கம் விஜயா, டாக்டர் ரோனி ஜார்ஜ் குழுவினரின் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'சென்னை கிளாக்கோமா ஆய்வு' என்று பெயர். ஆனால் அதன் கிராமப் பாதி நம் செங்கல்பட்டு மண்ணில் நடந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அடுத்தடுத்துள்ள 27 ஊர்கள். இரண்டும் 1997 வரை ஒரே செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தவை. வீடு வீடாகப் போய் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பெயரெழுதினார்கள். கிராமப் பாதிக்கு மொத்தம் 4800 பேர் என்பது இலக்கு. 3924 பேர் சோதனைக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கண் அழுத்தம் அளந்து, நீர் வடியும் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து, பார்வை நரம்பையும் ஆராய்ந்தார்கள். வராத 876 பேரையும் மறைக்கவில்லை; வந்தவர்கள் 81.75 விழுக்காடு என்று கட்டுரையிலேயே எழுதினார்கள்.

2005இல் வெளியான முடிவு: திறந்த கோணக் கிளாக்கோமா 64 பேருக்கு, அதாவது 1.62 விழுக்காட்டினருக்கு இருந்தது. அவர்களில் தனக்கு இந்த நோய் உண்டென்று முன்பே அறிந்திருந்தவர் ஒருவர்.

ஒரே ஒருவர்! மற்ற 63 பேரும் எந்தக் கண் மருத்துவரின் பதிவேட்டிலும் கிளாக்கோமா நோயாளி இல்லை. இந்த நோய்க்கு வலி கிடையாது. ஓரத்துப் பார்வை மெல்ல மெல்லப் போகும்; நேர்ப்பார்வை கடைசிவரை நிற்கும். எதிரே வரும் பேருந்தின் பலகையைப் படித்துவிடுவார். பக்கத்தில் வரும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. தன் கண் நன்றாக இருப்பதாகவே நினைப்பார். போன பார்வையை எந்த அறுவையாலும் மீட்க முடியாது, மிஞ்சியதைத்தான் காக்கலாம். அறுவை மேசைக்கே வந்து சேராத கண்ணுக்குப் புதிய அறுவை முறையால் என்ன பயன்? என் நண்பர்கள் இதற்கு இன்னும் விடை சொல்லவில்லை.

அறுவையைப் பற்றியும் இதே குழு 2010இல் எழுதியது. தாங்கள் அறுத்த கண்களை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், யார் எங்கே அறுத்திருந்தாலும், அந்த மக்களிடையே கண்புரை அறுவை செய்துகொண்டவர்களின் பார்வையை அளந்தார்கள். கிளாக்கோமாவுக்காகவும், முதல் சோதனைக்கு ஆறு ஆண்டு கழித்து அதே மக்களிடம் திரும்பப் போனார்கள். முன்பு நோயில்லாதிருந்தவர்களில் 2.9 விழுக்காட்டினருக்குத் திறந்த கோணக் கிளாக்கோமா புதிதாக வந்திருந்தது. கிராமம், நகரம் இரண்டும் சேர்ந்த கணக்கு இது.

 

இனிச் செய்யவேண்டியவை சில. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலில் வெயிலோடு கிடக்கும் மீனவர் கண்களைத் தனியே கணக்கெடுக்கலாம். மாமல்லபுரத்துச் சிற்பிகளின் கண்ணில் தெறிக்கும் கல்துகள் பற்றியும் ஓர் ஆய்வு வேண்டும். கண் முகாம்களில் 40 கடந்த எல்லோருக்கும், புரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்வை நரம்பைப் பார்த்துவிடுவது நல்லது. முகாமில் தேர்வாகியும் அறுவைக்கு வராதவர்களின் பட்டியலை செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இந்த ஆண்டே எடுக்கத் தொடங்கலாம். வீட்டுக்குப் போய்க் காரணத்தையும் கேட்டு எழுதட்டும்.