அறிவூட்டுவனவற்றைக் குறிக்கும் ஆங்கில அடைமொழிகள்

(பொள்ளாச்சியில் நம் சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் தமிழ் வழியிற் பயின்று, கல்லூரி புகுந்தபின் ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் வேண்டியவராகின்றனர். ஒரு நூலையோ சொற்பொழிவையோ புகழப் புகுங்கால், ‘யூஸ்ஃபுல்’ என்னும் ஒரு சொல்லையே யாண்டும் வழங்குகின்றனர். மண்வெட்டியும் பயனுடையதே, திருக்குறளும் பயனுடையதே. இரண்டிற்கும் ஒரே சொல் போதுமோ? ஆங்கிலர் இதனைப் பல சொற்களாற் பிரித்துரைப்பர். அப்பிரிவு வெறும் சொல்லாராய்ச்சியன்று. நம் தோட்டத்து வாழ்வோடும் இயைந்தது. நாம் கண்கூடாகக் கண்ட ஒன்றைக்கொண்டே விளக்குவேன்.

2016-ஆம் ஆண்டில் சுருள் வெள்ளை ஈ நம் தென்னந்தோப்புகளிற் புகுந்தது. இந்நாட்டில் அது முதன்முதற் காணப்பட்ட இடங்களுள் பொள்ளாச்சியும் ஒன்று. அது ஓலையின் அடிப்புறத்திலிருந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் தேன் போன்ற நீர் கீழோலைகளிற் படிய, அதன்மேற் கரும்பூசணம் படரும். “இப்பூச்சி வந்துள்ளது, அதன் அடையாளங்கள் இவை” என்று கூறும் அறிக்கை ‘இன்ஃபர்மேடிவ்’ ஆகும். அறியாததை அறிவித்தலே அதன் தொழில். சந்தையில் தொங்கும் விலைப்பலகையும் இவ்வினத்ததே.

அவ்வளவில் மரம் பிழைக்குமோ? “மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களிடையே கட்டுக, ஓலையின் அடிப்புறம் நனையுமாறு நீரை விசையுடன் பீய்ச்சுக” என்று செய்முறை காட்டும் துண்டுப்பிரசுரம் ‘இன்ஸ்ட்ரக்டிவ்’ எனப்படும். அடுக்கிக் கட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது இச்சொல். அறிந்ததன்மேல் அடுத்ததை வைத்துக் கட்டுவது போலக் கற்பிப்பதாதலின் இப்பெயர் பொருந்தும்.

“பூச்சிமருந்து அடித்தால் என்ன?” என்று வினவும் உழவரும் உளர். அவ்வீயின் இளம்பூச்சிகளுள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்ணிய குளவி ஒன்று உண்டு. கண்டபடி நஞ்சு தெளிப்பின் நமக்கு உதவும் அக்குளவியும் மடியும். பின் ஈ பெருகும். இக்காரணத்தை விளக்கி ஐயம் அகற்றுவது ‘என்லைட்டனிங்’. ஒளி தருவது என்பதே அதன் நேர்ப்பொருள்.

‘எடிஃபையிங்’ என்பது வீடு கட்டுதலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இன்று அது மனத்தில் நல்லொழுக்கத்தைக் கட்டியெழுப்புவதைக் குறிக்கும். பெரியோர் வரலாறுகளுக்கு இவ்வடைமொழி தகும்.

எஞ்சியது ‘டைடாக்டிக்’. கற்பித்தல் என்னும் கிரேக்கச் சொல்லிற் பிறந்த இதனைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். பதினெண்கீழ்க்கணக்கில் நீதி கூறும் 11 நூல்களையும் ஆங்கிலத்தில் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் இச்சொல்லாற் குறிப்பர். ஆண்டுக் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒரு புதிய கதையையோ பேச்சையோ இவ்வாறு கூறின், “சலிப்பூட்டும் உபதேசம்” என்னும் இகழ்ச்சி தோன்றும். வழி காட்டாது, “உழவர் சோம்பினர், அதனாற் கெட்டனர்” என்று கடிந்து மட்டும் பேசுபவர் பேச்சு அத்தகையது. நன்றிக்கடிதம் வரையும் மாணவர் இச்சொல்லைப் பெய்தால், நன்றி நிந்தையாய் முடியும்.

இவ்வேறுபாடுகள் நம் தமிழுக்குப் புதியனவல்ல. அறிவிக்கும், பயிற்றும், தெளிவிக்கும், பண்படுத்தும், அறிவுறுத்தும் என ஐந்திற்கும் சொற்கள் உள. தமிழில் நவீன அறிவை உரைக்க இயலாதென்பார்க்கு, 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமே விடை. அதனை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் அவர்களும், முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் அவர்களும் நம் கொங்குநாட்டினரே. ஆதலின் மாணவர்காள்! கூறக்கருதுவது இவ்வைந்தனுள் எதுவென முதலில் தமிழில் தெளிந்துகொள்ளுங்கள். உரிய ஆங்கிலச் சொல் எளிதிற் கைவரும். ஆங்கிலம் கண்டு நாணவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா.

சங்கத்துப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. “உதவித்தொகைக்கு இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்க” என்று நாம் வெளியிடுவது அறிவிப்பு மட்டுமே. படிவத்தை எங்ஙனம் நிரப்புவது, எச்சான்றிதழை எவ்வலுவலகத்திற் பெறுவது என்று காட்டினாலன்றோ, வீட்டில் முதன்முதற் கல்லூரி காணும் பிள்ளைக்கு அது பயன்படும்? நம் அறிக்கைகள் அறிவிப்பதோடு நில்லாது, பயிற்றுவனவும் தெளிவிப்பனவும் ஆகுக.