எஃகுக்கு ஒரே விலை: யார் செலவில்?



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்தப் பெரியவர் ரயில்வே சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆகவே 'சமச்சீர் வட்டார வளர்ச்சி' என்று எனக்குத் தரப்பட்ட தலைப்பை அவருக்குப் பழக்கமான இடத்திலிருந்தே, ஒரு வேகன் எஃகிலிருந்தே, தொடங்குகிறேன். எந்த வட்டாரத்தை வளர்க்க அரசு நினைத்தது என்பது ஐந்தாண்டுத் திட்ட ஏடுகளில் இருக்கும். எது வளர்ந்தது, எது ஏன் வளரவில்லை என்பதற்குச் சரக்குக் கட்டணப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

1956 ஏப்ரல் 30 அன்று வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம், வட்டாரங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. அதே ஆண்டில் எஃகுக்கும் சிமெண்டுக்கும் சரக்குக் கட்டணச் சமன்பாடு நடைமுறைக்கு வந்தது. நாட்டின் எந்த ரயில் நிலையத்தில் சரக்கை இறக்கினாலும் ஒரே விலை. அதற்கு முந்தைய ஆண்டு இரும்பு எஃகு இலாகா தனியாகப் பிரிக்கப்பட்டபோது அதன் பொறுப்பை ஏற்றவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அவர் நம் ஊர்க்காரர் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் எப்படி நடந்தது? கணக்குக்காக இரண்டு பட்டறைகளை வைத்துக்கொள்வோம். ஒன்று ஹவுராவில், ஜாம்ஷெட்பூரிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். இன்னொன்று அம்பத்தூரில், ஆயிரத்து அறுநூறுக்கும் மேல். ஒரு டன் தகட்டை ஹவுராவுக்குக் கொண்டுபோக 20 ரூபாயும் அம்பத்தூருக்குக் கொண்டுவர 100 ரூபாயும் ஆகிறது என்போம். இவை நான் சொல்லும் எண்கள். தர்க்கம் மட்டும் அரசுடையது. இரண்டுக்கும் சராசரி 60. அந்த 60 ரூபாய் எல்லோருடைய விலையிலும் ஏறிவிடும். ஹவுராக்காரர் தன் வண்டிக்கூலி 20 போக 40 ரூபாயைப் பொது நிதியில் போடுகிறார். அம்பத்தூர்க்காரர் 60 கட்டுகிறார். பாக்கி 40 அந்த நிதியிலிருந்து வருகிறது. பில்லில் இது எதுவும் தனியாகத் தெரியாது. விலை ஒன்று, அவ்வளவுதான். ஹவுராக்காரருக்குத் தான் யாருக்கோ பணம் கட்டுகிறோம் என்பதும் தெரியாது, அம்பத்தூர்க்காரருக்கு யாரோ தனக்காகக் கட்டுகிறார்கள் என்பதும் தெரியாது.

ஒரு பட்டறை எங்கே அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை மூலப்பொருள், சந்தை, துறைமுகம், மின்சாரம், கைத்திறன். இவற்றில் கிழக்கு மாநிலங்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது முதல் ஒன்றுதான். ஜாம்ஷெட்பூர், பர்ன்பூர், துர்காபூர், ரூர்கேலா, பின்னால் பொக்காரோ என்று பெரும்பாலான உலைகள் அங்கே. உலை அங்கே இருக்க, உலையின் அருகில் இருப்பதால் வரும் ஆதாயத்தை மட்டும் அரசு எடுத்துக்கொண்டது. சரி, எல்லாப் பொருளுக்கும் இதே நியாயம் என்றால் பேசாமல் இருக்கலாம். பருத்திக்கு இந்தச் சமன்பாடு கிடையாது. பாட்னாவில் ஒருவர் நூற்பாலை வைக்க நினைத்தால் குஜராத் பருத்திக்கு முழு வண்டிக்கூலியும் தானே கொடுக்க வேண்டும். பம்பாயில் ஒருவர் இயந்திரப் பட்டறை வைத்தால் பீகார் எஃகு பீகார் விலைக்கே வீடு தேடி வரும்.

ஹவுராப் பட்டறைகள் பின்னால் சரிந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. 1960களின் நடுவில் ரயில்வே வேகன் ஆர்டர்கள் குறைந்தன. ஆலைகளில் கெராவ் என்ற முற்றுகைப் போராட்டம் நடந்தது. நாட்டுப் பிரிவினை சணல் தொழிலைக் குலைத்தது. பீகாருக்கு 1793இன் ஜமீன் முறை விட்டுச்சென்ற நிலச்சிக்கல் வேறு. இவற்றுள் எதற்கு எத்தனை பங்கு என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் மற்றவை எல்லாம் காலக்கோளாறு. சரக்குக் கட்டணச் சமன்பாடோ டெல்லியில் மேஜையில் உட்கார்ந்து, சமத்துவத்தின் பெயரால் எழுதப்பட்டது. 1990களின் தொடக்கம் வரை, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

இனி நம் கதைக்கு வருவோம். அதே ஆண்டுகளில்தான் இங்கே 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று மேடைதோறும் முழங்கினோம். அதில் உண்மை இருந்தது. பெரிய உலைகளில் ஒன்றுகூட நமக்கு வரவில்லை. 1967இல் சேலம் உருக்காலைக்காக எழுச்சி நாள் கொண்டாடினோம். ஆலை திறந்தபோது 1982 ஆகிவிட்டது. அதுவும் அன்று வேறெங்கோ வார்த்த எஃகை உருட்டும் ஆலைதான். ஆனால் அதே காலத்தில் அம்பத்தூரிலும் பாடியிலும் எண்ணூரிலும் பீளமேட்டிலும் லேத் ஓடிய ஒவ்வொரு பட்டறைக்கும் ஹவுராக்காரரின் 40 ரூபாய் வந்துகொண்டிருந்தது. வடக்கு என்று நாம் ஒரே சொல்லில் அடைத்த நிலப்பரப்புக்குள் பீகாரும் இருந்தது, பம்பாய்க்குத் தொழில் சேர்த்த டெல்லியும் இருந்தது. எஃகுக் கணக்கில் நாம் பம்பாயின் பக்கம் நின்றோம். தமிழ்நாடு தொழில் மாநிலமானது மலிவு எஃகால் மட்டும் அல்ல. பள்ளிக்கூடம், கிராமத்து மின்இணைப்பு, கோவையில் பஞ்சாலை முதலாளிகள் தாங்களே கற்றுக்கொண்ட இயந்திரத் தொழில் எல்லாம் நம் உழைப்பு. அந்த உழைப்பின் பில்லில் ஒரு வரியை வேறொருவர் கட்டினார் என்பதைத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் தொலைவில் இருப்பவனுக்கு உதவவே கூடாதா? உதவலாம், உதவ வேண்டும். யூரியாவைப் பாருங்கள். தூத்துக்குடியில் ஆனாலும் பஞ்சாபின் கடைசிக் கிராமத்தில் ஆனாலும் மூட்டைக்கு ஒரே உச்ச விலை. வண்டிக்கூலியை மத்திய அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து கொடுக்கிறது. 1971இல் அசாம் முதலான மலைப்புற, தொலைதூர மாநிலங்களுக்குக் கொண்டுவந்த போக்குவரத்து மானியமும் அப்படித்தான், கருவூலப் பணம். எஃகில் பணம் கட்டியவர் உலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர். யூரியாவில் கட்டுவது நாடு முழுவதும். தொகை நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படுகிறது, திட்டுகிறார்கள், குறைக்கச் சொல்கிறார்கள். வட்டார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் இதை யார் கட்டுகிறார், அது அவருக்குத் தெரியுமா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

மானியத்தை நேராகக் கையில் கொடுத்தாலும் தொழில் அமையும் இடம் மாறிவிடாது என்பதற்கு உதாரணம் தேட வெளியூர் போக வேண்டியதில்லை. பின்தங்கிய மாவட்டச் சலுகைப் பட்டியலில் தர்மபுரியும் இருந்தது, ராமநாதபுரமும் இருந்தது. அன்று தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை நிரம்பி வழிந்தது. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. பட்டியல்படி ஓசூர் பின்தங்கிய ஊர். முதலீட்டாளர் கண்ணில் அது பெங்களூரின் புறநகர். ராமநாதபுரத்தையோ 2018இல் முன்னேற விழையும் மாவட்டம் என்று இன்னொரு பட்டியலில் மறுபடியும் சேர்த்தார்கள், கூடவே விருதுநகரையும்.

இன்று நமக்கு, மத்திய வரியை மாநிலங்களுக்குப் பகிரும் நிதிக்குழு மேல் கோபம். 2021–26க்கு 15ஆவது நிதிக்குழு பகிர்ந்த வரியில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 விழுக்காடு, பீகாருக்கு 10.058. மாநிலங்களின் வருமான இடைவெளிக்கு மட்டும் அப்போது 45 விழுக்காடு எடை இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டிலும் வரி வசூலிலும் ஒழுங்காக நடந்தவருக்குத் தண்டனையா என்று கேட்கிறோம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஃகுச் சுமையைச் சுமந்த ஜாம்ஷெட்பூர் 2000த்திலேயே ஜார்க்கண்டுக்குப் போய்விட்டது; அந்த மாநிலத்துக்குக் கிடைத்த பங்கு 3.307, நம்மைவிடக் குறைவு. பழைய கடனுக்கு இதுதான் ஈடு என்று யாராவது நினைத்தால், அது சரியான முகவரிக்குப் போய்ச் சேரவில்லை.

நிதிக்குழு சென்னைக்கு வரும்போது மாநில அரசு ஒரு கோரிக்கை மனு கொடுப்பது வழக்கம். நம் இழப்புகளை அதில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த மனுவில் 1956 முதல் எஃகுக் கட்டணத்தால் நாம் பெற்றதையும் ஒரு பத்தியில் எழுதி, அதற்குப் பிறகு நம் கோரிக்கையை வைத்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார் என்று நம்புகிறேன். அந்தப் பத்தி முதல் திருத்தத்திலேயே அடிபட்டுப்போகும் என்பதும் எனக்குத் தெரியும்.