இடுப்பு வலியும் உழைக்கும் உடலும்

அலோபதி மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் சித்த மருத்துவர்களும் இடுப்பு வலியைப் பற்றி ஒன்றாக அமர்ந்து பேசத் திண்டுக்கல்லில் கூடியிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியோடு வாழ்ந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. 2050இல் அது 84.3 கோடியாக உயரும் என்கிறது. நம் மாவட்டத்தில் அந்த வலி யாரிடம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல் மொட்டுப் பறிக்கும் பெண்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குவோர். சின்னாளபட்டித் தறியில் அமர்ந்திருப்போர். வேடசந்தூர் நூற்பாலையில் ஷிப்ட் முழுவதும் நிற்போர். பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்துக் குனிந்திருப்போர். எல்லோரும் "இடுப்புப் பிடிச்சுக்கிச்சு" என்றுதான் வருகிறார்கள். ஆனால் பூப்பறிப்பவரின் இடுப்பும் தறிக்காரரின் இடுப்பும் ஒரே காரணத்தால் வலிப்பதில்லை.

நாமோ பெரும்பாலும் அவர்கள் கையிலிருக்கும் ஸ்கேன் படத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். வலியே இல்லாதவர்களை எடுத்த படங்களை 2015இல் ஆய்வாளர்கள் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) தேய்ந்திருந்தது. தலைநரை போல வயதோடு வருகிற மாற்றத்தைக் காட்டி, "உங்கள் டிஸ்க் விலகிவிட்டது" என்று ஒரு கூலித் தொழிலாளியிடம் சொல்லிவிடுகிறோம். அன்றிலிருந்து அவர் குனியவே அஞ்சுகிறார். அந்த அச்சம் வலியைவிட நீண்ட நாள் அவரோடு தங்குகிறது. இது எனக்கு மிகுந்த வேதனை தரும் செய்தி.

படத்துக்கு முன் உடலைத் தொட்டுப் பார்க்கும் ஆஸ்டியோபதி நமக்குப் பயன்படும் இடம் இதுதான். 1874இல் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் முன்வைத்த இம்முறையில் கைதான் முதல் கருவி. முதுகைத் தொட்டு நான்கைத் தேடுகிறார்கள்: தசையின் இறுக்கமோ மென்மையோ மாறியிருக்கிறதா, இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா, எந்த அசைவு தடைபடுகிறது, எங்கே தொட்டால் வலிக்கிறது. இடுப்பெலும்பு, தொடை, மூச்சுவிடும்போது விலா அசையும் விதம் என்று பார்வை விரிகிறது. பிறகு இறுகிய தசையை மெல்ல இழுத்துத் தளர்த்துவது, நோயாளியையே எதிர்த்து அழுத்தச் செய்து மூட்டை விடுவிப்பது, சில வேளை விரைவாகச் சிறு உந்தல் கொடுப்பது. நம் சித்த மருத்துவத்தின் தொக்கணமும் கையை நம்பிய மரபுதான். இரு மரபினரும் ஒருவர் கையை ஒருவர் கவனித்துக் கற்க இடமுண்டு.

பலனை மிகைப்படுத்தக் கூடாது. டெக்சாஸில் 455 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், உண்மையான சிகிச்சை பெற்றோரில் 63 விழுக்காட்டினருக்கும் போலிச் சிகிச்சை பெற்றோரில் 46 விழுக்காட்டினருக்கும் வலி மிதமாகவேனும் குறைந்தது. 2021இல் வந்த பிரெஞ்சு ஆய்விலோ கிடைத்த நன்மை மிகச் சிறியது. கை வைத்தியம் வலியைத் தணித்து நோயாளியை நடக்கவும் பயிற்சி செய்யவும் துணிய வைக்கலாம். அதற்குமேல் வாக்குக் கொடுப்பது நேர்மையாகாது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, முதுகெலும்புக் கைச்சிகிச்சை, மசாஜ் ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்புப் பெல்ட்டையும் ட்ராக்ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் வரிசையாகத் தொங்கும் பெல்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். நாள் கூலியைக் கொடுத்து வாங்கும் பொருள் அது.

கை வைக்கக் கூடாத முதுகுகளும் உண்டு. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இரவில் தூக்கம் கலைக்கும் வலியும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அரிதன்று. சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலும், அமரும்போது அழுந்தும் உடற்பகுதி மரத்துப்போனாலும், பாதம் தொய்ந்தாலும் அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மூதாட்டி வழுக்கி விழுந்தபின் வந்த வலியில் எலும்பு முறிவு இல்லையென்று உறுதிசெய்யாமல் உந்தல் கொடுப்பது ஆபத்து.

நம் மாவட்டத்தில் 1947இல் மருத்துவர் சௌந்தரம் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது நோயாளிகள் வாழும் இடத்துக்கே போனார். பூக்காட்டிலும் தறிக்கொட்டகையிலும் ஒருவர் எப்படிக் குனிகிறார் என்று நாமும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நோயாளிக் குறிப்பேட்டின் முதல் வரியில் அவர் தொழிலும், தூக்கும் எடையும், குனிந்திருக்கும் நேரமும் இடம்பெறட்டும்.

பிற்பகல் செயல்முறை அமர்வை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். காலின் வலிமையையும் உணர்ச்சியையும் அனிச்சைச் செயலையும் சோதித்துக் காட்டிய பிறகே உந்தல் முறையைக் கற்பியுங்கள். இளையவர்கள் அதே வரிசையில் பழகட்டும்.