கையெழுத்துக்கு முன்னே கணக்கு!

(மீஞ்சூரில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

பழவேற்காட்டு ஏரிக்கரையிலே வலையை உலர்த்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

கடன் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. படகுக்குக் கடன், எஞ்சினுக்குக் கடன், வலைக்குக் கடன்! வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே. அது கொடிய கடன்தான். எனினும் கண்ணுக்குத் தெரிகிற கடன். அன்றாடம் கூடையிலிருந்து கழிகிறது, கரையிலே நின்று, "ஏன் இவ்வளவு கழித்தாய்?" என்று கேட்டுவிடலாம்.

பிள்ளையின் படிப்புக்காக வங்கியிலே வாங்குகிற கடன் அத்தகையதன்று. அது பல ஆண்டுக் காலம் வாய் திறப்பதில்லை. வாய் திறக்கிற நாளிலே, வாங்கிய தொகையை அல்ல, வளர்ந்த தொகையைக் கேட்கிறது.

கணக்கைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு இலட்சம் வீதம் நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு 4 இலட்சம் வாங்குகிறான் ஒரு மாணவன். நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும், படிப்பு முடிந்து ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது விதி. அதைக் கேட்ட தந்தை மனம் குளிர்ந்து கையெழுத்திடுகிறார். ஆனால் தவணைக்குத்தான் விடுமுறை. வட்டிக்கு விடுமுறை ஏது? முதல் இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அதற்கடுத்து 30,000, கடைசிக்கு 20,000. ஆக, முதல் தவணை கட்டும் நாளிலே கடன் 5 இலட்சத்து 40 ஆயிரம்! பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏழாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் சம்பளத்துக்குச் சென்னையிலே அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் இளைஞன் எங்ஙனம் கட்டுவான்?

கட்டாதவன் நாணயமற்றவன் என்று பேசுகிறார்கள். நாணயம் கெட்டவர்கள் நாட்டில் வேறெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்ல இந்த மேடை போதாது! நம் பிள்ளை தவறுவது கணக்குத் தெரியாததால்; வேலை கிடைக்காததால். 2016ஆம் ஆண்டிலே மதுரையில் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர், கல்விக் கடனுக்காக நெருக்கப்பட்டதால் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று குடும்பத்தார் கதறியதை நாடு கேட்டது. அதற்குப் பிறகும், கட்டணம் வாங்கிய கல்லூரிக்கு இதிலே பங்கென்ன என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அமெரிக்க நாட்டிலே கேட்கிறார்கள். அங்கே அரசின் கடனை முதன்முதலாக வாங்கும் மாணவனுக்குப் பணம் தருமுன்னும், படிப்பு முடிந்து வெளியேறும்போதும், கடனைப் பற்றி விளக்கியாக வேண்டும் என்பது சட்டம். ஒரு கல்லூரியில் படித்துக் கடன் தவறியவர்கள் தொடர்ந்து மூன்றாண்டுகள் நூற்றுக்கு முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தால், அக்கல்லூரி மாணவர்கள் அரசுக் கடன் பெறும் உரிமையையே இழக்க நேரிடும். அங்கும் கடன் சுமை தீர்ந்துவிடவில்லை. ஆனால் கல்லூரியையும் கூண்டிலேற்றிக் கேட்கிறார்களே, அதைக் கவனியுங்கள். இங்கே கட்டணம் கல்லூரிக்கு, தவணை தந்தைக்கு!

கல்லூரி செய்ய வேண்டியதை இன்று விரித்துரைக்கப் போவதில்லை. அதற்கும் முன்னே, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்திலேயே கடனின் தலைவிதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அந்த வாரத்திலேதான் தரகர்கள் குப்பங்களுக்கு வருகிறார்கள். "கலந்தாய்வெல்லாம் எதற்கு? நாங்களே இடம் வாங்கித் தருகிறோம், கடனும் வாங்கித் தருகிறோம்" என்கிறார்கள். அந்தப் பேச்சிலே மயங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளை எதை இழக்கிறான் தெரியுமா? குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் ஏழரை விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அதில் சேர்ந்தவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. வாங்கவே வேண்டாத கடனை, தரகர் பேச்சைக் கேட்டு வாங்குகிறோம்!

ஆசிரியப் பெருமக்களே, இங்கேதான் உங்களை வேண்டுகிறேன். தேர்வு முடிந்த மறுவாரம் பள்ளியைப் பூட்டாதீர்கள். ஒரு பலகை, ஒரு சுண்ணக்கட்டி, நான் சொன்ன அந்த வட்டிக் கணக்கு, இவை போதும். பிள்ளையை மட்டுமல்ல, கையெழுத்திடப் போகிற தாய் தந்தையரையும் உட்கார வையுங்கள். கடலுக்குப் போகும் நேரம் பார்த்து அழையுங்கள். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டு, "யாரும் வரவில்லை" என்று குறை கூறாதீர்கள். பொன்னேரியிலே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆகும் செலவையும் தனியார் கல்லூரியில் ஆகும் செலவையும் பக்கத்திலே பக்கத்திலே எழுதிக் காட்டுங்கள்.

கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், வருமானச் சான்றை முதலிலே வாங்கித் தாருங்கள். ஆண்டு வருமானம் நாலரை இலட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளை தொழிற்படிப்புக்கு வாங்கும் கடனுக்கு, விடுமுறைக் கால வட்டியை நடுவண் அரசே செலுத்தும் திட்டம் 2009இல் வந்தது. தகுதியுள்ள கல்லூரிதானா என்று பார்த்துச் சேர வேண்டும். சான்றை வங்கியிலே கேட்டுக் கொடுக்க வேண்டும். கேளாமல் விட்டால், நான் சொன்ன ஒரு இலட்சத்து நாற்பதாயிரமும் தந்தை தலையிலே! அந்தத் திட்டத்தில் அடங்காத படிப்பானால், புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாய் இருக்கிறது. முதலாண்டு வட்டி மாதம் 833 ரூபாய்தான். இரண்டாமாண்டு அது இரட்டிக்கும். அப்போதும் பாதிக்கு மேல் அடைபடும்.

வேலை கிடைக்கவில்லையா? ஒளியாதீர்கள்! தொண்ணூறு நாள் தவணை தவறினால்தான் வங்கி அதை வாராக் கடன் என்று எழுதும். பிறகு, உடன் கையெழுத்திட்ட தந்தை எஞ்சினுக்குக் கடன் கேட்டுப் போனால் கதவு சாத்தப்படும். அந்தத் தொண்ணூறு நாளுக்குள்ளே எழுத்து மூலம் தவணையைத் தள்ளிக் கேளுங்கள். வேலையில்லாத இடைவெளிகளுக்குத் தவணை விடுமுறை தரலாம் என்று வங்கிகளின் 2015ஆம் ஆண்டு மாதிரித் திட்டமே கூறுகிறது. அந்த விண்ணப்பத்தை எழுத ஒருவர் வேண்டும். படித்த பள்ளியின் ஆசிரியரைவிடப் பொருத்தமானவர் யார்?

ஏரியிலே இன்ன நாளில் இன்னார் வலை போடுவது என்று முறைவைத்துப் பாடு பிரித்துக்கொண்ட ஊர்கள் நம் ஊர்கள். ஊர்க்கூட்டத்திலே இதற்கும் ஒரு நோட்டு வையுங்கள்: எந்த வீட்டுப் பிள்ளை, எந்த வங்கி, எந்த மாதம் முதல் தவணை என்று. முதல் பெயரை இன்றே எழுதலாம். தலைமை ஆசிரியர் நோட்டுடன்தான் வந்திருக்கிறார்.