மிதிவண்டி விபத்தும் நமது கடமையும்

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை அலுவலகம் விட்டு வருகையில், புசா ரோட்டு மெட்ரோ தூண்களின் அருகே ஒரு மிதிவண்டிக்காரர் கார் மோதி வீழ்ந்து கிடந்தார். கார் நிற்கவில்லை. சூழ நின்றோர் பலர், தூக்குவார் எவருமிலர். “போலீசு, சாட்சி, கோர்ட்டு” என அஞ்சி நாமும் வாளாவிருந்தோம். தள்ளுவண்டிப் பழக்காரர் ஒருவர் முன்வந்த பின்னரே கைகொடுத்தோம். அவர் பிழைத்தார், நமது நாணம் மட்டும் நீங்கவில்லை.

பின்னர் சட்டத்தை வினவி அறிந்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மோதியவர் நின்று, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிட்டச் செய்தல் கடமை. 2019-இல் சேர்த்த பிரிவோ, நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்கின்றது. உதவுகையில் பிழை நேரினும் வழக்கில்லை. பெயர் கூறுமாறும் கட்டாயப்படுத்தலாகாது. மோதிய வண்டி இன்னதென அறியாவிடினும், 2022 முதல் உயிரிழப்பிற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. இவற்றை முன்னரே அறிந்திருப்பின் தயங்கியிருப்போமா?

மிதிவண்டிக்கு லைசென்சு வேண்டா. ஆயின் விளக்கு வேண்டும். நம் தந்தையார் காலத்தில் ஊரில் விளக்கின்றிச் சென்றால் போலீசார் பிடித்து அபராதம் விதிப்பர். இன்று அவ்வச்சமும் இல்லை, விளக்கும் இல்லை. தில்லியின் மார்கழி மூடுபனியில் கரிய உடையும் கரிய வண்டியும் ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படுமோ?

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளைகளின் வண்டிக்கு முன்னே விளக்கும் பின்னே சிவப்பு ஒளிவில்லையும் இன்றே பொருத்துவீர். நம் வீட்டுக்குப் பாலும் செய்தித்தாளும் கொணர்வோர்க்கும் அவ்வாறே வாங்கியளிப்பீர். எவரேனும் வீழ்ந்தால் முதலில் நீளும் கை நம் காலனியின் கையாகுக.