எஞ்சியிருப்பதையாவது எழுதி வைப்போம்



நூற்றாண்டைக் கொண்டாடும் நாம் இன்று ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் பாடசாலைக் களஞ்சிய அறையைத் துப்புரவாக்க நாமே முன்வந்தோம். செல்லரித்த செபப் புத்தகங்களையும் பழைய மலர்களையும் பழைய கடதாசிக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தோம். இந்த மலருக்குத் தகவல் தேடியபோதுதான் இழந்தது என்னவென்று விளங்கியது.

கண்டி அம்பிட்டியில் 13ஆம் லியோ பாப்பரசர் 1893இல் நிறுவிய குருமடத்துக்கு இந்தியாவிலிருந்தும் இளைஞர்கள் கடல் கடந்து வந்து படித்தார்கள். 1955இல் அது பூனாவுக்கு மாறியது. அம்பிட்டிக் கட்டடம் நம் தேசிய குருமடமானது. இப்படி ஒரு மடம் இடம்பெயரும்போது நூல், சுரூபம், படம், பூசை உடுப்பு ஒவ்வொன்றுக்கும் யாராவது முடிவு சொல்லியாக வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் இலத்தீன் பூசைப் புத்தகங்கள் பாவனையிலிருந்து விலகின. பாவனை போனதால் பெறுமதி போய்விடவில்லை.

நமக்கு அயலில், பொறளை புனித பேர்னாட் குருமடத்தில் படித்தவர் தனிநாயகம் அடிகள். 1679இல் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை அவர் வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். ஏறத்தாழ முந்நூறு வருடம் யாரோ அதைக் காத்து வைத்ததால்தான் அவர் கைக்கு அது கிட்டியது.

வைத்தியத் தொழிலில் உள்ள நாங்கள் பழைய குறிப்பில்லாத நோயாளியைக் கண்டால் தடுமாறுவோம். பாடசாலைக்கும் அப்படித்தான்.

ஆகவே எஞ்சியிருப்பவற்றுக்கு ஒரு பதிவேடு தொடங்குவோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம், ஒரு படம், தந்தவர் பெயர், வருடம். கிழிந்த தாளில் ஒட்டுநாடா வேண்டாம். 2016 மே வெள்ளம் கொலன்னாவை வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. எதையும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். இருவர் பார்த்துக் கையொப்பமிடாமல் எதுவும் வெளியே போக வேண்டாம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரிகளே, உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பரிசாகக் கிடைத்த புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு பெயரும் திகதியும் இருக்கும். அதைப் படமெடுத்து அனுப்புங்கள். நாம் நிறுத்துக் கொடுத்ததில் ஒரு பங்காவது அப்படித் திரும்பி வரட்டும்.