வெளியிணைப்பு இயந்திரத்தைப் படகில் பூட்டும் முன்
(மீள்குடியேறிய கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டத்தில் படகு திருத்துநர் ஒருவர் ஆற்றிய உரை)



பல வருடங்களுக்குப் பிறகு உங்கள் கரைக்குத் திரும்பி வந்திருக்கிறீர்கள். சிலருக்கு விட்டுப்போன படகே கிடைத்திருக்கிறது. சிலருக்கு உதவியாகப் புதுப் படகு வந்திருக்கிறது. இயந்திரம் வேறொரு இடத்திலிருந்து வந்திருக்கும், அல்லது சங்கக் கடனில் எடுத்திருப்பீர்கள். படகு ஒருவர் தந்தது, இயந்திரம் இன்னொருவர் தந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நான் இன்றைக்குப் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

நானும் இடம்பெயர்ந்து திரும்பியவன்தான். திரும்பி வந்த முதல் மாதம், அவசரத்தில் இயந்திரத்தைக் கைத்திருகாணி இரண்டால் மட்டும் இறுக்கிக்கொண்டு கடலுக்குப் போனேன். பாதுகாப்புக் கயிறு கட்டவில்லை. அலை அடித்து அடித்துத் திருகாணி தளர்ந்தது. ஒரு திருப்பத்தில் இயந்திரம் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. இரவு முழுக்கத் துடுப்புப் போட்டு விடியத்தான் கரை சேர்ந்தோம். உயிர் தப்பியது. கடனைக் கட்டி முடிக்க அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆனது. ஒரு முழக் கயிற்றால் வந்த நட்டம் அது.

முதலில் அளவு எடுங்கள். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் மேல் விளிம்பில், நடுவில் அளவு நாடாவை வையுங்கள். அங்கிருந்து படகின் அடி வரைக்கும் நேராக அளவுங்கள். 15 அங்குலம் அளவில் வந்தால் குட்டைத் தண்டு இயந்திரம் வேண்டும். 20 அங்குலம் அளவில் வந்தால் நீளத் தண்டு இயந்திரம் வேண்டும். இயந்திரத்தில் விசிறிக்குச் சற்று மேலே, கிடையாக ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டு படகின் அடியோடு சமமாக, அல்லது ஓர் அங்குலம் வரை கீழே நிற்க வேண்டும்.

தட்டு மிக மேலே நின்றால் விசிறி காற்றை இழுக்கும். இயந்திரம் சத்தமாக ஓடும், படகு நகராது. குளிராக்கும் தண்ணீரும் உள்ளே ஏறாது, இயந்திரம் சூடாகிப் பழுதாகும். மிகக் கீழே நின்றால் படகு இழுபட்டு எண்ணெய் வீணாகும், தண்ணீரும் இயந்திரத்தின் மேற்பகுதி வரைக்கும் தெறிக்கும்.

இரண்டாவது, பின்பலகையைச் சோதியுங்கள். பைபர் படகுகளில் பின்பலகைக்குள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த படகில் பழைய ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி அந்தப் பலகை உக்கியிருக்கும். வெளியே பார்க்க நல்லதாகத்தான் தெரியும். சிறு சுத்தியலால் எல்லா இடமும் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால், அல்லது பழைய ஓட்டையிலிருந்து கறுத்த தண்ணீர் கசிந்தால், அதில் இயந்திரம் பூட்ட வேண்டாம். சன்னம் பட்ட துளைகளையும் தேடிப் பாருங்கள். உக்கிய பகுதியை வெட்டியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதுப்பலகை வைத்துப் பைபர் போட்ட பிறகுதான் அடுத்த வேலை.

மூன்றாவது, தாங்கி. எல்லாப் படகுக்கும் தாங்கி தேவையில்லை. அளவு சரியாக இருந்தால் பின்பலகையிலேயே நேராகப் பூட்டுங்கள். நீளத் தண்டு இயந்திரம் வந்து, பலகை தாழ்வாக இருந்தால் உயர்த்தும் தாங்கி தேவை. பின்பக்கம் கூராக இருக்கும் வள்ளத்துக்கும், பலகையே இல்லாத தெப்பத்துக்கும் பக்கத்தாங்கி தேவை. குட்டைத் தண்டு இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காகப் பலகையை வெட்டித் தாழ்த்தாதீர்கள். பின்னலை நேராகப் படகுக்குள் ஏறும். முதலில் மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

தாங்கி வாங்கும்போது இயந்திரத்தின் நிறையையும் குதிரை வலுவையும் தாங்குமா என்று கேளுங்கள். சாதாரண 15 குதிரை வலு இயந்திரமே 35 கிலோவுக்குக் குறையாது. அது தொங்குவது மட்டுமல்ல, முன்னுக்குத் தள்ளும், பின்னுக்கு ஓட்டும்போது இழுக்கும், அலையில் குதிக்கும். பட்டறையில் இரும்பால் செய்வித்தால், ஒட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு கல்வனைஸ் பூசச் சொல்லுங்கள். பூசிய பிறகு ஒட்டினால் ஒட்டிய இடம் முதலில் துருப்பிடிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விடயம். தாங்கிக்கு இரும்பு தேடிக் கரையிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் எதையும் எடுக்க வேண்டாம். அடையாளம் தெரியாத இரும்பு எதுவானாலும் தொடாமல், அந்த இடத்தை நினைவில் வைத்து, வந்த வழியே திரும்பிப் போய் அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பழைய இரும்பை விட உங்கள் கை பெரிது.

நான்காவது, பூட்டும் முறை. பலகையின் இரு விளிம்பிலிருந்தும் அளந்து நடுவைக் குறியுங்கள். பக்கத்தில் விலகினால் படகு ஒரு பக்கம் இழுக்கும். தாங்கியை மர ஆணியாலோ திருகாணியாலோ பிடிக்க வேண்டாம். பலகையை ஊடறுத்துப் போகும் துருப்பிடிக்காத போல்ற் குறைந்தது நான்கு போடுங்கள். உட்பக்கத்தில் அகலமான தகடு வைத்து, அதன் மேல் வொஷர், தளராத நட் என்று இறுக்குங்கள். தகடு இல்லாவிட்டால் நட் பலகையைத் தின்றுவிடும். துளைத்த ஓட்டையின் உட்புறத்துக்குப் பிசின் பூசிக் காயவிட்டு, போல்ற்றைக் கடலுக்கேற்ற பசையோடு போடுங்கள். பலகை உக்குவது இந்த ஓட்டையில்தான் தொடங்குகிறது.

தாங்கி இயந்திரத்தைப் பலகையிலிருந்து பின்னுக்குத் தள்ளி வைத்தால், ஓர் அடிக்கு ஓர் அங்குலம் அளவில் இயந்திரத்தை உயர்த்திப் பாருங்கள். படகுக்குப் பின்னால் தண்ணீர் மேலெழும்பி வருவதால் இப்படிச் செய்கிறோம். நிறையும் பின்னுக்குப் போவதால் எண்ணெய்த் தாங்கியையும் ஐஸ் பெட்டியையும் முன்னுக்கு நகர்த்துங்கள்.

இயந்திரத்தை வைத்ததும் திருகாணி இரண்டையும் கையால் நன்றாக இறுக்குங்கள். போல்ற் துளை இருக்கும் இயந்திரமானால் போல்ற்றும் போடுங்கள். பிறகு பாதுகாப்புக் கயிற்றை அல்லது சங்கிலியைத் தாங்கியில் கட்டாமல், படகிலேயே உறுதியான வளையத்தில் கட்டுங்கள். தாங்கி கழன்றாலும் இயந்திரம் கிடைக்கும்.

கடைசியாக, கரையோரத்தில் பரீட்சித்துப் பாருங்கள். தண்ணீர் பீச்சும் துளையிலிருந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். முன்பக்கம் மிக உயர்ந்தால் சாய்வு ஊசியைப் பலகைக்குக் கிட்டவுள்ள துளைக்கு மாற்றுங்கள். முன்பக்கம் தண்ணீருக்குள் குத்தினால் வெளித் துளைக்கு மாற்றுங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எல்லா நட்டையும் திரும்ப இறுக்குங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும் முன்னும் கை வைத்துப் பாருங்கள்.

வீட்டிலிருக்கும் தாய்மாருக்கும் ஒன்று சொல்கிறேன். இயந்திர இலக்கத்தை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். படகைக் கடற்றொழில் பரிசோதகரிடம் பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள். புறப்படும்போது “கயிறு கட்டியாச்சா? துடுப்பு இருக்கா? அங்கி இருக்கா?” என்று ஒரு தடவை கேளுங்கள். அன்றைக்கு என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அந்த இரவு எனக்கு வந்திருக்காது.

சந்தேகம் இருந்தால் துளைக்கும் முன் சங்கத்துக்கு வந்து கேளுங்கள். துளைத்த பிறகு கேட்பதை விட அது சுலபம். போய் நல்லபடியாக வாருங்கள்.